ரசமட்டம் சுட்ட கேக்

என் அக்காவின் இரண்டாவது கணவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, உள்ளே குமிழி ஓடும் கட்டை, அதன் பெயர்தான் அவருக்கும். பூச்சு வேலைக்காரர். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் ஒரு கண்ணை இடுக்கிச் சுவரைப் பார்ப்பார். முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றும் அக்காவைவிட அவளுக்குப் பின்னால் சாய்ந்திருந்த அலமாரியைத்தான் அதிகம் பார்த்தார். எனக்கு அவரை அன்றைக்கே பிடிக்கவில்லை. வாய் திறக்காத ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

கோபக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். மனிதர் பாதி நேரம் இந்த உலகத்திலேயே இருக்க மாட்டார், அவ்வளவுதான். புதுப்பூச்சு காயும்போது சுவர் ஓரங்களிலிருந்து மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு வரும். அதைப் பார்த்தபடி நின்றுவிடுவார். கையிலிருக்கும் டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

"என்ன மச்சான், சுவர் ஏதாவது சொல்லுச்சா?" என்று சீண்டுவேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்," என்பார்.

அக்கா மகளுக்கு ஒன்பது முடிந்து பத்து பிறக்க இருந்தது. அவளுடைய அப்பா இறந்து நாலு வருஷம். இவர் வந்து ஒன்றரை வருஷம். அதில் ஒருநாள்கூட அவள் இவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எதுவானாலும் "அம்மா, அவங்ககிட்ட சொல்லு" தான். சண்டை கிண்டை எதுவும் கிடையாது. ஒரே வீட்டில் ஆளுக்கொரு தூக்கத்தில் நடப்பவர்கள்போல ஒருவரையொருவர் இடிக்காமல் போய்வந்தார்கள். கடைசியில் பெண் சொல்லிவிட்டாள்: "பிறந்தநாள் முடிஞ்சதும் நான் மாமா வீட்டுலயே இருந்துக்கறேன்." அக்கா அழுதுபார்த்தாள், கெஞ்சிப்பார்த்தாள், பிறகு சரி என்றாள்.

எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். எங்களுக்குக் குழந்தை இல்லை. மாடி அறையை அவளுக்காக ஒழித்துவைத்தோம். அதில் ஒரு சுவரில் ஓதம் ஏறியிருந்தது. யார் சொன்னார்களோ தெரியாது, ஒரு காலையில் ரசமட்டம் சிமெண்ட் மூட்டையோடு வந்து நின்றார். பழைய பூச்சைக் கொத்தியெடுத்து, புதிதாகப் பூசி, "பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தன்னைவிட்டுப் போகிற பிள்ளைக்கு அறை பூசிக்கொடுக்கிற ஆளை என்னவென்று சொல்வது? எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அவள் எனக்கு வேண்டும்.

பிறந்தநாளுக்குக் கேக் எங்கே வாங்கலாம் என்று அக்கா கேட்டபோது, "கடைக் கேக்கெல்லாம் வேணாம்" என்றாள் பெண். எதுவுமே வேண்டாம் என்பதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள். ரசமட்டம் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறவர். மறுநாள் மைதா, கோகோ தூள், வெண்ணெய், முட்டை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வந்துவிட்டார்.

முதல் கேக் புதன்கிழமை. அந்தக் கூத்தை அக்கா போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். மணல் சலிக்கிற மாதிரி மாவை மூன்று தடவை சலித்திருக்கிறார். ஒரு கட்டி இல்லாமல் அரைமணி நேரம் போட்டு அடித்திருக்கிறார். "கலவை ஊறட்டும்" என்று ஒரு மணி நேரம் மூடிவைத்திருக்கிறார். பிறகு தட்டில் கொட்டி, காற்று போகத் தட்டித் தட்டி, பூச்சுக் கரண்டியால் ஒரே இழுப்பில் வழவழப்பாக்கி ஓவனுக்குள் வைத்திருக்கிறார். வெந்து வந்ததை வாசலில் பதித்திருக்கலாம். அதன்மேல் நிஜ ரசமட்டத்தை வைத்து, குமிழி நட்ட நடுவில் நின்றதும் மனிதருக்கு முகமெல்லாம் மலர்ச்சியாம். வெட்டக் கத்தி இறங்கவில்லை. வியாழக்கிழமைக் கேக் அதற்கும் அண்ணன்.

பிறந்தநாளான சனிக்கிழமை மதியம் அவளைக் கூட்டிப்போக நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது கேக் நடந்துகொண்டிருந்தது. அவளுடைய பை வாசலில் தயாராக இருந்தது. அடுப்படி ஜன்னல் வழியே வெயில் சாய்வாக விழ, சல்லடையிலிருந்து கோகோ தூள் இறங்கிக்கொண்டிருந்தது. நேராகக் கீழே விழாமல், என்ன அவசரம் என்பதுபோல வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றி இறங்கியது. அவர் கைமுடியெல்லாம் பழுப்பு. அக்கா முட்டை உடைத்த கையோடு அப்படியே நின்றாள். நிலைப்படியில் கதைப்புத்தகம் படிப்பதாகப் பேர்பண்ணிக்கொண்டிருந்த பெண்ணும் பக்கத்தைத் திருப்பவில்லை. நான் எதற்கு வந்தேன் என்பதே எனக்கு ஒரு கணம் மறந்துவிட்டது.

அவர் கரண்டியை ஓங்கினார்.

"அவ்ளோ அடிக்கக் கூடாது," என்றாள் பெண்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. அசைந்தால் கலைந்துவிடும் என்று பயந்தவர்போல மாவையே பார்த்துக்கொண்டு, "கட்டி நின்னுடுமே?" என்றார்.

"நிக்கட்டும். உள்ள காத்து இருந்தாத்தான் மெத்துன்னு வரும்."

"காத்து இருந்தா விரிசல் விடும்."

"விட்டா விடட்டும்! இது என்ன சுவரா?"

"சரி," என்றார். கரண்டியைக் கீழே வைத்து, "ஊற வைக்கட்டுமா?" என்றார்.

"ஐயோ, வேணவே வேணாம். உடனே உள்ள வைங்க."

வைத்தார். ஓவனுக்கு முன்னால் இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு முழம் இடம் விட்டு. கண்ணாடிக்குள் மாவு தூக்கத்தில் மூச்சுவிடும் வயிறுபோல மெதுவாக உப்பியது. கோகோ மணம் அடுப்படி, கூடம், மாடிப்படி என்று வீடெங்கும் பரவி, என் கண்ணையும் சொருகவைத்தது. நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. எழுந்து பார்த்தால் வெயில் ஜன்னலைவிட்டுப் போயிருந்தது. அந்த ஒரு முழம் இடத்தையும் காணவில்லை.

கேக் வெளியே வந்தது. நடுவில் மேடு. மேட்டின் குறுக்கே இந்தக் கோடிக்கு அந்தக் கோடி விரிசல்.

அவர் முகம் செத்துவிட்டது. எழுந்து பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் புது பிரஷ், இன்னொரு கையில் ஒரு குவளைத் தண்ணீர். புதுப்பூச்சு வெடிக்காமலிருக்க நாள்தோறும் தண்ணீர் தெளித்து நனைப்பது அவர் தொழில். விரிசலைக் கண்டதும் கை தன்பாட்டில் அதற்குப் போய்விட்டது.

"வெறும் தண்ணியா?" என்று குவளையைப் பிடுங்கினாள் பெண். "இருங்க, சர்க்கரையாவது போட்டுத் தரேன்."

கரைத்துக் கொடுத்தாள். அவர் விரிசலோரம் தொட்டுத் தொட்டுத் தெளித்தார். கேக் சத்தமில்லாமல் குடித்தது. கறுத்து, பளபளத்து, இன்னும் மணத்தது.

"எத்தனை நாள் நனைக்கணும்?" என்று கேட்டாள்.

"மூணு நாளாவது."

அவள் என் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. "மாமா, இன்னிக்கு நான் வரலை. பகல்ல இவங்க வேலைக்குப் போயிடுவாங்க. யாராவது தெளிக்கணும்ல?"

எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? "அப்ப மூணு நாள் கழிச்சு வரட்டுமா?" என்றேன்.

பெண் குவளையைக் கலக்கிக்கொண்டிருந்தாள். ரசமட்டம் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். ஒன்றரை வருஷத்தில் தனக்காக அவர் வாய் திறந்தது அன்றைக்குத்தான். "ஏழு நாள் நனைச்சா இன்னும் நல்லா நிக்கும்," என்றார்.

"ஏழு நாளாம் மாமா."

"ஏங்க," என்றாள் அக்கா அடுப்பருகிலிருந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, "நீங்க பூசின அந்தப் பெரிய வீட்டுக்கு இருபத்தோரு நாள் நனைச்சீங்களே?"

கேக் அன்று பொழுது சாய்வதற்குள் தீர்ந்துபோனது. நானே மூன்று துண்டு தின்றேன். நாளைக்கு எதன்மேல் தண்ணீர் தெளிப்பாய் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.