இந்த ஊரு சாமி பேரு

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதற்காக யார் முன்னாலும் கூசி நின்றவள் இல்லை, ஒரே ஒரு இடத்தைத் தவிர. அந்த இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அறுபதுகளில் ஒரு வருஷம். ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். கடலூர் முதுநகரில் எங்கள் குடித்தனம். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் மேஸ்திரி வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு ஃபுட்பால் ஆடப் போய்விடுவார். அவர்தான் கோலி, கோல் காக்கிறவர். பந்தும் எங்கள் வீட்டில்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை நான் விளக்குத் தேய்க்கிறபோது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பந்தின் தோலுக்கு எண்ணெய் தேய்ப்பார்.

தலைப்பிரசவத்துக்கு நான் சிதம்பரத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். பெண் குழந்தை. சனிக்கிழமை தோறும் பார்க்க வருவார். வரவர அவர் சட்டை தொளதொள என்று ஆனது. இருமல் நிற்கவில்லை. ஒரு நாள் அவர் துண்டை அலசும்போது அதில் சிவப்பாக ஒரு கோடு பார்த்தேன். அலசிக் காயப்போட்டுவிட்டுத்தான் அம்மாவிடம் சொன்னேன்.

"கடலூர்ல காட்டினா ஊரே பேசும். இங்கயே காட்டிடுங்க" என்றாள் அம்மா.

சிதம்பரத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சோதனைக்குச் சளி கொடுத்தார். அடுத்த வாரம் வந்து பதில் கேட்கச் சொன்னார்கள். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் போனேன்.

சன்னலுக்கு உள்ளே ஒருத்தர் பெரிய நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"பேரு?"

புருஷன் பேரை எங்கள் பக்கம் பெண்கள் வாயால் சொல்லமாட்டோம். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். அவர் ஆயுசைக் கேட்கத்தானே அங்கே போய் நிற்கிறேன்? அதனால், "இந்த ஊரு சாமி பேருதான்" என்றேன்.

நோட்டுக்காரர் சிரிக்கவில்லை. நோட்டில் விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, சளியில கிருமி இருக்கு. தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வை. புள்ளைய கிட்ட விடாதே. ஒண்ணாந்தேதி ஊசி போட வரச் சொல்லு." நோட்டில் ஒரு டிக் போட்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அப்படியா" என்றார். அவ்வளவுதான். கடைக்குப் போய் தனக்கென்று ஒரு அலுமினியத் தட்டு வாங்கி வந்தார்.

"நீயும் புள்ளையும் இங்கயே இருங்க" என்று அம்மா அழுதாள். நான் கேட்கவில்லை. கடலூருக்கே வந்தேன். அவர் பின்கட்டில் விறகுக்குப் பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டார். சோற்றை வைத்துவிட்டு நான் நகர்ந்த பிறகுதான் வந்து எடுப்பார். பந்தை எடுத்துப்போக வந்த கூட்டாளி வாசலில் நின்று கேலி பேசினான்.

"என்னா மச்சான், பொண்ணு பொறந்ததும் கையில பந்து நிக்கலியா?"

"ஆமாண்டா. வேற ஆள பாத்துக்குங்க" என்று உள்ளே இருந்தபடியே குரல் கொடுத்தார். பந்து போய்விட்டது. எண்ணெய்க் கிண்ணம் மட்டும் அலமாரியில் இருந்தது. அதை எடுத்து வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த நாட்களில்தான் குழந்தை குப்புற விழுந்தது. கையை ஊன்றித் தலையைத் தூக்கி, "ஆ" என்றது. நான் கத்தியதில் அவர் பின்வாசல் வரைக்கும் ஓடி வந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை.

"கொழுக்கட்டை சுடலியா?" என்றார்.

குப்புற விழுந்தால் கொழுக்கட்டை செய்து தெருவுக்குக் கொடுப்பது வழக்கம். வீட்டில் மாவு இருந்தது. நான் செய்யவில்லை.

ஒண்ணாந்தேதி அவரே சிதம்பரம் போனார். சாயங்காலம் திரும்பி வந்தவர் பின்பக்கமாக வராமல் வாசல் வழியாக வந்தார். நேராகத் தூளிக்குப் போய்க் குழந்தையைத் தூக்கினார்.

"வேணாங்க!" என்று பாய்ந்தேன்.

"ஏண்டி, நீ அங்க எந்தச் சாமி பேரச் சொன்ன?"

"இந்த ஊரு சாமின்னு சொன்னேன்."

"அந்தக் கோயில்ல ஆடற சாமியும் இருக்கு, படுத்திருக்கற சாமியும் இருக்கு. அவன் ஆடறவரு பேரப் பாத்துட்டான். என் பேருக்கு நேரா ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கு. நெஞ்சில வெறும் சளிதானாம்!"

எங்கள் வீட்டில் எல்லாரும் நாமம் போடுகிறவர்கள். சிதம்பரத்துச் சாமி என்றால் எனக்குப் பள்ளிகொண்ட பெருமாள்தான். இன்னொருவர் பேர் என் புத்திக்கு வரவே இல்லை. அவர் சிரித்தார். சிரிப்பில் இருமலும் வந்தது. அந்த இருமலுக்கு நான் பயப்படவில்லை. மறுநாள் கொழுக்கட்டை செய்தேன். குழந்தை குப்புற விழுந்து பல நாள் ஆகியிருந்தது. தெருவில் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு மைதானத்துக்குப் போனேன், முதல் தடவையாக. அவர் உடம்பில் தெம்பு இல்லை. மூணு கோல் வாங்கினார்.

"மச்சான், அங்க ஆளு நிக்கிதா, வேட்டி காயுதா?" என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவர் தோற்றதற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

அதோடு நிறுத்திவிடலாம். ஆனால் அது முழுசு ஆகாது.

இன்னொரு தடவை சளி பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு பேரும் போனோம். சன்னலில் எனக்கு முன்னால் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு நின்றாள். பேரைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்த ஊரு சாமி பேருங்க."

நோட்டுக்காரர் இந்தத் தடவை விவரமாகக் கேட்டார். "ஆடறவரா, படுத்திருக்கறவரா?"

"ஆடறவருங்க."

அவர் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம், "சேதி சொன்னதா டிக் இருக்கேம்மா. ஏன் ஊசிக்கு வரல?" என்றார்.

"யாரும் ஒண்ணும் சொல்லலியே. வராதவங்களுக்குக் கார்டு போடுவோம்னீங்க, அதுவும் வரல. ஒண்ணுமில்லன்னுதானே நெனச்சோம்? இவ அவங்கப்பா தட்டுலயேதான் சாப்பிடறா." குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். எங்கள் பெண்ணைவிட ஆறேழு மாசம் பெரியது. அதுவும் இருமியது.

நான் போட வைத்த டிக் அது. அவள் தோளைத் தொட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எங்கள் முறை வந்தது. அவர் பேரை அவரே சொன்னார்.