இன்பராஜ் மாட்ட மறுத்த பம்பு

தங்கச்சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் இன்பராஜுக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசும். மூக்கு கோணல், இரண்டு தடவை போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டு வந்தவர். பூதிகோட்டைக் கிராமத்திலிருந்து போய், எங்கள் வம்சத்திலேயே முதல் ஆளாக பி.இ. முடித்த நான், லீவு நாளில் அவருடைய ஷெட்டில்தான் கிடப்பேன். எஞ்சினுக்குப் பெட்ரோலும் காற்றும் கலந்து கொடுக்கும் கார்ப்ரேட்டரைப் படம் வரைந்து மார்க் வாங்கியவன், கையால் தொட்டது அங்கேதான்.

கஸ்டமர் ரூபேஷின் ஜீப்பில் செத்துப்போன டீசல் எஞ்சினை இறக்கிவிட்டு, பழைய காரின் கார்ப்ரேட்டர் எஞ்சினை ஏற்றியிருந்தோம். டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்பில்தான் தகராறு. இன்ஜெக்‌ஷன் வேனிலிருந்து கழற்றிய எலக்ட்ரிக் பம்போடு வந்து நின்றான் ரூபேஷ்.

“மேட்டுல பெட்ரோல் பத்தாதுண்ணா, இத்தப் போடு.”

“டேய், அது நாப்பது பவுண்டு பிரஷர்ல தள்ளும். கார்ப்ரேட்டருக்கு அஞ்சே ஜாஸ்தி. உள்ள பெட்ரோல அடைக்கிற ஊசி தாங்குமா? எஞ்சினோட சுத்துற பம்புதான் போடுவேன். புடிக்கலன்னா வண்டிய இட்டுனு போ.”

போட்டும் முடித்தார். மறுநாள் பூஜை. எஞ்சின் மாற்றினால் முதல் சாவியை ஓனர்தான் திருப்புவார். அதுவரை பானெட்டைத் திறக்கமாட்டோம். முன்சக்கரத்தடியில் கற்பூரம் எரிந்தது. மனைவி ரூபாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரூபேஷ் சாவியைப் பாதி திருப்பினான்.

எஞ்சின் இன்னும் சுற்றவில்லை. ஆனால் டேங்க் பக்கம் ‘உய்ங்’ என்று சத்தம்.

இன்பராஜ் பாய்ந்துபோய் கற்பூரத்தட்டைக் காலால் எட்டி உதைத்தார். தட்டு ரோட்டில் போய் விழுந்தது.

“சாமி கற்பூரத்தையா ஒதைக்கிற? இன்னா திமிருடா உனக்கு!”

ரூபேஷ் குதித்து இறங்கி ஜாக்கிக் கம்பியால் அவர் வாயிலேயே அடித்தான். இரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. இன்பராஜ் அவன் கழுத்தைப் பிடித்து மட்கார்டில் இரண்டு முறை மோதினார்.

“எஞ்சினீயரு! சாவியப் புடுங்கு!”

பிடுங்கிவிட்டுப் பானெட்டைத் தூக்கினேன். கார்ப்ரேட்டரின் வாயிலிருந்து பெட்ரோல் பொங்கி, கற்பூரம் எரிந்த இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் ரூபேஷே பம்பை மாற்றியிருக்கிறான்.

இன்பராஜ் அவன் முகத்தை எஞ்சினுக்கு மேல் அழுத்தினார். “மோந்து பாருடா! பொண்டாட்டியோட எரிஞ்சிருப்ப.”

ரூபா இறங்கி வந்து பார்த்தாள். புருஷன் கன்னத்தில் விட்டாள் ஒன்று.

கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே ரூபேஷ் முனகினான். “பழைய பம்பே போடுண்ணா.”

“போடறேன்,” என்று இன்பராஜ் இரத்தத்தைத் துப்பினார். “மொதல்ல என் பல்லு எங்க வுழுந்துச்சுன்னு தேடு.”