தோழி இல்லாத பாட்டு

அக்காள் மறைந்து இந்த ஐப்பசியோடு ஓராண்டு நிறைகிறது. இன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவின்முறையாரையும் நண்பர்களையும் வணங்கி எழுதுகிறேன். இப்படிப்பட்ட மலர்களில் மறைந்தவர் குறைவின்றி வாழ்ந்தார், நிறைவோடு போனார் என்று எழுதுவது வழக்கம். அக்காள் நிறைவோடு போகவில்லை. அப்படிப் போனார்கள் என்று எழுதினால் உங்களில் பாதிப் பேருக்குச் சிரிப்புத்தான் வரும், ஏனென்றால் நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள்.

அக்காள் ஆழ்வார்குறிச்சியில் பிறந்தார்கள். எங்கள் தாயார் என்னைப் பெற்ற கையோடு கண்ணை மூடிவிட்டதால், என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தது அக்காள்தான். அப்போது அவர்களே பாவாடை கட்டிய சிறுமி. தகப்பனாருக்குக் கண் மங்கத் தொடங்கியதும், மாலையில் பதிகம் படித்துச் சொல்ல ஒரு குரல் வேண்டும் என்று மகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊரார் கேட்டபோது, "எனக்குக் கண்ணு வேணும்லா வே" என்பார்கள் தகப்பனார்.

அம்பாசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்டார்கள். அத்தான் நல்ல மனிதர், கலகலப்பானவர். கல்யாணமாகி இரண்டு தீபாவளி கழிந்ததும், உறவினர் ஒருவரின் கடையில் வேலை என்று கொழும்புக்குக் கிளம்பினார். தூத்துக்குடிக்குக் கப்பலேறப் போகிற அன்று வாசலில் நின்று, "சாரல் விழுததுக்குள்ள வந்துருதேன்" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். அது தை மாதம். ஆனியில் பொதிகைப் பக்கம் கறுத்து, சாரல் விழுந்தது. அத்தான் வரவில்லை. காகிதம் மட்டும் வந்தது.

நான் அப்போது பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தமிழ்ப் பண்டிதர் புதிதாக அச்சாகி வந்த பழம்பாட்டுகளின் புத்தகம் ஒன்றைக் கொடுத்திருந்தார். விடுமுறையில் அதை அம்பாசமுத்திரத்துக்குக் கொண்டுபோனேன், படிப்பாளி என்று காட்டிக்கொள்ளத்தான். அவ்வளவும் பிரிவுப் பாட்டுகள். பொருள் தேடப் போனவன் மழைக்குள் வருவேன் என்று சொல்லிப் போகிறான், மழை வருகிறது, அவன் வரவில்லை, வீட்டிலிருப்பவள் தன் தோழியிடம் சொல்லிச் சொல்லி மாய்கிறாள். அக்காள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியாமல் படித்தார்கள். நிமிர்ந்ததும் என்னைக் கேட்டார்கள்: "ஏலே தம்பி, இதுல ஒருத்திக்கும் பேரு போடலியே?"

அகப்பாட்டில் யார் பெயரையும் சொல்லக்கூடாது என்பது விதி என்றேன்.

"அதுவும் நல்லதுதான். பேரு இருந்தா ஊரு பேசும்."

அக்காளின் மாமியாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "வெளியூர் போனவன் பொண்டாட்டி பிரிவுப் பாட்டு படிக்கலாமாட்டி? படிச்சா அது வீட்டுலயே நிலைச்சுப் போவும்" என்று பிடித்துக்கொண்டார்கள். புத்தகம் நெல் குதிருக்குள் போயிற்று. மாமியார் கண்ணயரும் மத்தியானங்களில் மட்டும் வெளியே வந்தது. மறுவருஷம் அத்தானிடமிருந்து காகிதம் நின்றபோது, பழி முழுவதும் அந்தப் புத்தகத்தின்மேல் விழுந்தது. அவர் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டார் என்று ஒருவர் வந்து சொன்னார். வாந்திபேதியில் போய்விட்டார் என்று இன்னொருவர் சொன்னார். மூன்றாவது ஆள் சொன்னதை இங்கே எழுத எனக்கு வாய் கூசுகிறது. ஒருவராவது தம் கண்ணால் பார்த்தவரில்லை.

இப்படியே ஆண்டுகள் போயின. பன்னிரண்டு ஆண்டு சேதியில்லாதவனைச் செத்தவனாக வைத்துக் காரியம் செய்துவிடுவது நம்மவர் வழக்கம். அத்தானின் தமையனார் தம் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார். காரியம் செய்யாமல் கிடக்கிற வீட்டில் நல்லது துலங்காது என்று யாரோ ஓதிவிட்டார்கள். ஆற்றங்கரையில் தர்ப்பைப் புல்லால் ஓர் ஆள் கட்டி, அதற்கு அத்தானின் பெயரைச் சொல்லி, கொள்ளி வைத்துவிட்டு ஆண்கள் தாமிரபரணியில் முழுகி வந்தார்கள். நானும் அங்கே நின்றேன். புல் எரிய எவ்வளவு நேரம் ஆகும்? படபடவென்று எரிந்து அடங்கிவிட்டது.

வீட்டில் பெண்கள் அக்காளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், தாலியை வாங்குவதற்கு. அக்காள் அழவில்லை.

"புல்லு எரிஞ்சதுக்கு நான் எதுக்குத் தாலிய எடுக்கணும்? அவுக செத்ததப் பாத்தவுக ஒருத்தர் வந்து என் முன்னால சொல்லட்டும். நானே கழத்தித் தாரேன்."

"பாட்டு படிச்ச திமிரு" என்றார்கள். அந்த வாரமே ஆழ்வார்குறிச்சிக்கு வண்டி கட்டி அனுப்பிவிட்டார்கள். எங்கள் தகப்பனாருக்கு அப்போது பார்வை முழுவதும் போயிருந்தது. மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, கையால் கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். கயிறு விரலில் தட்டுப்பட்டதும், "கெடக்கட்டும் தாயீ" என்று மட்டும் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். நான் அக்காளைப் பாளையங்கோட்டைக்கு அழைத்து வந்துவிட்டேன்.

பெரியோர்களே, அதற்குப் பிறகு அக்காள் பட்டதுதான் தனிமை. கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டு அவர்களைத் தாண்டிப் போகும். தாலியறுத்தவர்கள் இருக்கும் பக்கம் போனால் அவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்வார்கள். ஆற்றில் சுமங்கலிகளுக்கு ஒரு படித்துறை, தாலியறுத்தவர்களுக்கு வேறொரு படித்துறை; மஞ்சள் உரைக்கும் கல்லில் இவர்கள் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள். ஆடி அமாவாசையன்று அம்பாசமுத்திரத்தில் அத்தானுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். அதே நாளில் இங்கே அக்காள் கண்ணாடி முன் நின்று நெற்றியில் குங்குமம் வைப்பார்கள். உயிரோடு இருக்கிறவர்களோடும் சேர்க்கவில்லை, செத்தவர்களோடும் சேர்க்கவில்லை. ஒருநாள் ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் வெகுநேரம் அசையாமல் நின்றார்கள். என் மனைவி சேலையோடு இறங்கி, கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "எனக்கு எந்தப் படித்துறைன்னு தெரியலட்டி" என்று கரையில் உட்கார்ந்து அழுதார்கள். அக்காள் வாய்விட்டு அழுது நாங்கள் பார்த்தது அன்றுதான்.

புத்தகம் மட்டும் கூடவே இருந்தது. அட்டை போய், அந்து தின்று, நூல் கட்டிக் கிடந்தது. ஒருநாள் அதை என் முன்னால் போட்டார்கள். "இது பொய்யி, தம்பி. எந்தப் பாட்ட எடுத்தாலும் ஒரு தோழி இருக்கா. பொலம்புததக் கேக்க ஆளு இருக்கு. ஆளு இருந்தா அது தனிமையா? எனக்கு யாரு இருக்கா?"

தமிழ் வாத்தியார் வேலை பார்க்கிற நான் புத்தகத்தை எடுத்து, அவிழ்ந்த நூலை மறுபடி கட்டினேன். அடுக்களையிலிருந்து என் மனைவி கேட்டாள்: "அப்ப நான் யாரு மைனி?"

அவளுக்கு எழுத்துத் தெரியாது. அன்று முதல் மத்தியானச் சோறு முடிந்ததும் அக்காள் படிப்பார்கள், இவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஒரே கேள்விதான். "அவன் வந்தானா இல்லியா?"

"பாட்டு அதச் சொல்லாதுட்டி."

"என்ன பாட்டு இது, ஆளு வந்தானான்னு சொல்லாத பாட்டு" என்று இவள் சலித்துக்கொள்வாள். அக்காளுக்குச் சிரிப்பு வரும். எங்கள் வீட்டில் அவர்கள் சிரித்தது அந்த நேரத்தில்தான்.

சென்ற ஆண்டு ஊரெல்லாம் பரவிய அந்தக் காய்ச்சல் எங்கள் வீட்டுக்கும் வந்தது. மூன்றாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியதும், அக்காள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, எனக்கு மஞ்சள் உண்டா?" என்று கேட்டார்கள். போகிற வேளையில் அவர்களுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். "உண்டு மைனி" என்றாள் இவள். அன்று சாயங்காலமே உயிர் பிரிந்தது.

சேதி கேட்டு அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். செத்தவனுக்குக் காரியம் செய்தாயிற்று, இவள் தாலியறுக்காத அறுதலி, இவளுக்கு மஞ்சள் பூசினால் எங்கள் குடும்பத்துக்கு ஆகாது என்றார் அத்தானின் தமையனார். குளிப்பாட்ட வந்த பெண்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பிறந்த வீட்டுக் கோடியாக நான் சிவப்புச் சேலை எடுத்து வைத்திருந்தேன். அதைத் தொட ஆளில்லை. ஆண்கள் முன்னால் வாய் திறந்து பேசியறியாத என் மனைவி நிலைப்படிக்கு வந்தாள்.

"நீங்க புல்லத்தான கொளுத்தினிய. நான் எங்க மைனியக் குளிப்பாட்டுதேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள். தனியாகவே தண்ணீர் மொண்டு ஊற்றி, முகத்துக்கு மஞ்சள் பூசி, சிவப்புச் சேலை சுற்றி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்தாள். கதவு திறந்தபோது அம்பாசமுத்திரத்து வண்டிகள் போயிருந்தன. அக்காள் மணவறைக்குப் போகிறவர்களைப் போல் கிடந்தார்கள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

வீட்டுக்கு வீடு காய்ச்சல்காரர்கள் கிடந்த அந்த நாளில், பயப்படாமல் தோள் கொடுத்த பள்ளிக்கூடத்து வாத்தியார்மார் நால்வருக்கும், ஆள் கிடைக்காதபோது தானே விறகு ஏற்றி வந்த வண்டிக்காரருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் கஞ்சி காய்ச்சித் தந்த பக்கத்து வீட்டாருக்கும் நாங்கள் ஏழேழு பிறவிக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். வாசலோடு திரும்பியவர்களுக்கும் இம்மலர் அனுப்பப்படுகிறது. படிப்பதும் படிக்காததும் அவர்கள் இஷ்டம்.

ஒரு பிரதி மட்டும் தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குப் போகிறது. அங்கே கடை வைத்திருக்கும் நம்மவர்களிடம் கைக்குக் கை கொடுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அத்தான் அவர்களே, நீங்கள் இருந்தால் இது உங்களுக்கு. அந்தப் பாட்டுகளில் உள்ளதுபோல் இதிலும் யார் பெயரையும் நான் போடவில்லை. இது யாரைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் கட்டிய தாலி கடைசி மூச்சு வரை அவர்கள் கழுத்தில்தான் கிடந்தது. வந்தீர்களா இல்லையா என்று என் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த வருஷமும் சாரல் ஆனியிலேயே விழுந்துவிட்டது.