அண்ணன் சுமந்த பழி

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவரது நினைவு மலருக்காக உட்கார்ந்து இதை எழுத முடியவில்லை. நான்கு வரிக்குள் மூன்று முறை எழுந்து வாசல்வரை போய் வந்துவிட்டேன்.

ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர் அண்ணன். தந்தையார் சீக்கிரமே போய்விட, படிப்பை விட்டுப் பதுளையில் வெல்டிங் பழகி எங்களை வளர்த்தார். பின்னர் சொந்தப் பட்டறை வைத்தார். வெல்டிங் சூட்டில் தகடு கோணிப்போனால், "பாஸ்கிட்ட கொண்டு போங்க" என்று அவரைத்தான் காட்டுவார்கள். சுத்தியலைத் தொடமாட்டார். உப்பிய பக்கத்தில் அங்கங்கே காசளவு இடத்தை மங்கிய சிவப்பாகும்வரை சுடுவார். பிறகு பேசாமல் உட்கார்ந்துவிடுவார். சுட்ட இடம் ஆறும்போது சுருங்கி, தகட்டை இழுத்து நேராக்கிவிடும். பட்டறையில் உதவிக்கு நின்ற எனக்குத்தான் அதுவரை பொறுக்காது.

"ஏன்டா தவிக்கிற? இரும்பு எங்கயும் ஓடிறாது" என்பார்.

ஒருமுறை தோட்டத் தொழிற்சாலையிலிருந்து, தேயிலை உலர்த்தும் இயந்திரத்தின் கதவுத் தகடு வந்தது. அண்ணன் சூடு காட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். அவர் வருவதற்குள் நேராக்கிக் காட்டுகிறேன் பேர்வழி என்று, அவர் சுட்ட இடங்களையே மறுபடி சுட்டுத் தண்ணீரையும் ஊற்றினேன். தகடு மறுபக்கம் குழிந்தது, வெல்டிங்கும் வெடித்தது. கதவில்லாமல் இயந்திரம் நின்று, பறித்த கொழுந்தெல்லாம் வீணானது.

தொழிற்சாலைக்குப் பொறுப்பான ஐயா வந்து சத்தம் போட்டார். அடுத்த வாரம் அவரிடம்தான் நான் வேலைக்குச் சேரவிருந்தேன். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"எங் கைத் தப்புங்க ஐயா."

எனக்கு வேலை கிடைத்தது. அவருக்குத் தோட்ட வேலைகள் நின்றுபோயின. கல்யாண வீடுகளில் உறவினர்கள் 'கோணல் பாஸ்' என்று கேலி செய்தபோது அவரும் சிரித்தார். வெட்கம்கெட்ட நானும் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில், "சொல்லிறட்டா அண்ணே?" என்று கேட்டேன்.

"நீ வேலையில இருக்கிற வரைக்கும் வாயத் தெறக்காத" என்று அதட்டினார்.

அவர் சொல்லை நான் தட்டியதில்லை. இதில் மட்டும் தட்டுகிறேன்.

இதுவரை எழுதியதை அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். "எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. ஒங்க அண்ணன் கை அவசரப்படாது. நீங்களா சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், தாதியர், பாடை தூக்கிய லயத்துத் தம்பிமார், எங்களுக்குச் சமைத்துப் போட்ட அக்காமார் அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

தொழிற்சாலையில் இன்றும் அதே ஐயாதான். அச்சகத்துக்குப் போகும் வழியில் இதை முதலில் அவரிடம் கொடுக்கப் போகிறேன். என் வேலையை அவர் என்ன செய்தாலும் சரி. என் அண்ணன் மேல் தப்பில்லை என்று அவர் வாயால் ஒருமுறை சொன்னால் போதும்.