காரைவிட்டு இறங்காதவர்

நோர்வேயில் அயலவர்கள் சும்மா வந்து கதவைத் தட்டமாட்டார்கள். வருவதென்றால் முன்கூட்டியே குறுந்தகவல் அனுப்புவார்கள். அதனால் கீழ்வீட்டுக் க்னூட் ஒரு பின்னேரம் மணியை அடித்தபோது, தண்ணீர்க்குழாய் ஏதும் உடைந்துவிட்டதோ என்ற பயத்தோடுதான் திறந்தேன். வாசலில் நின்றபடியே, "உங்கள் கணவருக்குக் காருக்குள் இருக்கப் பிடிக்குமா?" என்று கேட்டார். "ஓம், பழசென்றாலும் நல்ல கார்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "வேலையால் வந்த பிறகும் இறங்காமல் நெடுநேரம் இருக்கிறார். நானும் ஒரு காலம் படகுக் கொட்டிலுக்குள் அப்படித்தான் இருந்தேன். பிறகு வைத்தியரிடம் போனேன்" என்றார். தலைமுடி வெட்டப் போனதைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நான் மட்டக்களப்பு ஆரையம்பதியில் பிறந்து, சின்ன வயதிலேயே பெற்றோருடன் இங்கு வந்தவள். என் கணவர் ரவி அதே மாவட்டத்துப் பெரியகல்லாற்றுக்காரர். கலியாணம் செய்து அவரை இங்கே கூப்பிட்டதே நான்தான். ஊரில் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துவது அவர் தொழில். வாவியில் யாருடைய எஞ்சின் நின்றாலும் "ரவியக் கூப்பிடு" என்பார்கள். கலியாணத்துக்குப் பந்தல் போடவும் செத்த வீட்டில் பாடை தூக்கவும் முதல் ஆளாக நிற்பார். கலியாணம் முடிந்து அங்கே தங்கிய நாட்களில் நாங்கள் இருவரும் தனியே சாப்பிட்ட ஒரு வேளைகூட எனக்கு நினைவில்லை. இங்கே அவர் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். ஒருவரும் அவரைக் கூப்பிடுவதில்லை. முதலில் அவருடைய பகிடிகள் நின்றன. பிறகு நித்திரை போனது. பிறகு ஊருக்குத் தொலைபேசி எடுப்பதும் நின்றது. குளிரும் களைப்பும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

க்னூட் போனதும் கீழே இறங்கிப்போய்க் காரில் ரவியின் பக்கத்தில் ஏறி இருந்தேன்.

"என்ன நடந்த?"

"ஒண்டுமில்ல." ஸ்டியரிங்கில் இருந்த கையை எடுத்துவிட்டுச் சொன்னார். "மேல வந்தா உன்னப் பாத்துச் சிரிக்கணும் புள்ள. அதுக்குப் பெலன் வேணும். இதுக்குள்ள இருந்துதான் அதச் சேக்கிறன்." பிறகு முன்கண்ணாடியைப் பார்த்தபடி, "சில நாளைக்கு நான் இல்லாமப் போனா நல்லம் எண்டும் வருது" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நாளைக்கே டொக்டரிட்டப் போவம்."

"எனக்கென்ன பைத்தியமா?"

"இல்ல. எனக்குப் பயமா இருக்கு. எனக்காக வாங்க."

வந்தார். வைத்தியர் மெதுவாக, "த்ரிஸ்டா?" என்று கேட்டார். நோர்வே மொழியில் கவலையா என்று அர்த்தம். பதற்றத்தில் இவருக்கு அது வேறுவிதமாகக் கேட்டுவிட்டது. "இல்லை, நான் டூரிஸ்ட் இல்லை. இங்கேதான் இருக்கிறேன்" என்று அவசரமாகச் சொன்னார். நான் விளக்கியதும் மூவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்த ரவி அப்படியே அழத் தொடங்கினார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை. வைத்தியர் கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டுக் காத்திருந்தார். இதற்கு மனச்சோர்வு என்று பெயர், இது காய்ச்சல்போல ஒரு வருத்தம், மாற்றலாம் என்று மருந்து எழுதித் தந்தார்.

உடனே மாறவில்லை. மருந்தை நிறுத்தப்போகிறேன் என்று சண்டை பிடித்தார். வைத்தியர் வேறு மருந்து எழுதினார். வாராவாரம் உளவியலாளரிடம் போய், தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரின் துணையோடு கதைத்தார். ருசி தெரியாமல் எதைப் போட்டாலும் விழுங்கிக்கொண்டிருந்தவர், பனி உருகிய காலத்தில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "நண்டுக் கறிக்குப் புளி காணா" என்று குறை சொன்னார். குசினிக்குள் போய்ச் சந்தோசத்தில் அழுதேன்.

இந்த வருட விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். வாவிக்கரையில் கூட்டாளிகள் கூடியிருந்தார்கள். "நோர்வேக்காரன், உனக்கென்னடா கவல?" என்றான் குகன், அவரோடு ஒன்றாகப் படித்தவன். இவர் ஒளிக்கவில்லை. "மனசுக்கு மருந்து எடுக்கிறன் மச்சான்" என்றார். "குளிர் மண்டைக்குள்ள போயிட்டு" என்று யாரோ சிரித்தார்கள். குகன் சிரிக்கவில்லை.

மறுநாள் விடிய அவன் தனியே வந்து படலையில் நின்றான். "மச்சான், அந்த டொக்டரிட்டப் போனா முதல்ல என்னத்தச் சொல்ற?"

"நித்திர வருதில்ல எண்டு சொல்லு. மறுகா மத்தது தானா வரும். நில்லு, சேட்டப் போட்டுட்டு நானும் வாறன்."

இருவரும் மோட்டார் சைக்கிளில் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மத்தியானம் திரும்பினார்கள். அடுத்த கிளினிக் எப்போது என்று நான் கேட்டதும் குகன் கிழமையைச் சரியாகச் சொன்னான்.

இவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊருக்கு வந்தும் அதில் நோர்வே நேரத்தை அவர் மாற்றவில்லை. மாத்திரைக்கு அந்த நேரம்தான். நோர்வேயில் இன்னும் காலை, பெரியகல்லாற்றில் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. காலை மாத்திரையை இளநீரோடு விழுங்கிவிட்டு, மத்தியானச் சோற்றுக்குக் குகனையும் இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.