வேரோனிக்கா பூட்டிய பிரேக்

ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் ஒரு வரிசை வீட்டின் கராஜில் வேரோனிக்கா சைக்கிள் திருத்துகிறார். போரின்போது பெற்றோலும் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கற்ற தொழில். பெண் ஸ்பானர் பிடிப்பதா என்று அங்கே கேட்டார்கள், இங்கேயும் கேட்டார்கள். கேட்டவர்களே பிறகு காற்றுப்போன சில்லோடு வந்து நின்றார்கள்.

1996 வசந்தத்தில் பக்கத்து வீட்டு ஒலிவ் பிரென்டிஸ் தன் தந்தையின் சைக்கிளைக் கொண்டுவந்தார். தந்தை எல்வுட் முப்பதுகளில் ரொறன்ரோவின் பந்தயத் தளங்களில் வெள்ளைக்கார வீரர்களை எல்லாம் பின்தள்ளிய முதல் கறுப்பினச் சாம்பியன். நகரின் பழைய சைக்கிள் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. கால்களைப் பார்த்திருந்தால் சேர்த்திருக்கும்; தோலைப் பார்த்தது. இப்போது அதே கழகம் தன் நூற்றாண்டுக் கண்காட்சிக்கு அவருடைய சைக்கிளைக் கேட்டிருந்தது. எழுபதை நெருங்கிய ஒலிவுக்குப் பின்னால் அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை. சைக்கிள் அங்கே நின்றாக வேண்டும், துடைத்துத் தந்தால் போதும் என்றார்.

கராஜில் கதைபேச வந்த இக்னேசியஸ், கறுப்பினத்தவரை இழிக்கும் ஊர்ச்சொல்லைச் சொல்லிச் சிரித்தார். "காப்பிலியின்ர பழைய சைக்கிளுக்கு ஏன் அக்கா இவ்வளவு மினக்கெடுறியள்?"

"மனுசன்ர சைக்கிள் எண்டு சொல்லிப் பழகும். இல்லையெண்டால் உம்மட சைக்கிளை வேற இடத்தில திருத்தும்."

தேநீர்க்கடையில் சிலருக்குத் தனிக் கிளாஸ் வைத்த நம் சமூகம் இன்னொருவர் தோலைப் பற்றிப் பேச வெட்கப்பட வேண்டும். பலர் வெட்கப்படுவதில்லை.

ஆனால் வேரோனிக்காவும் ஒரு பிழை விட்டார். அந்தச் சைக்கிளில் பிரேக் இல்லை, மணி இல்லை, மட்காட் இல்லை, கரியர் இல்லை. ஊரில் ஒரு சைக்கிள் இப்படி நின்றால் யாரோ கழற்றி விற்றுவிட்டார்கள் என்றுதான் பொருள். ஒரு சாம்பியனின் சைக்கிள் மொட்டையாகச் சபைக்குப் போவதா? தன் சாமான் பெட்டியைக் கிளறி எல்லாவற்றையும் பூட்டினார். கரியர் ஆடாதபடி கிளாம்பை நன்றாக இறுக்கினார்.

ஒலிவ் வந்து பார்த்துக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பந்தயத் தளத்துச் சைக்கிளுக்குப் பிரேக்கே கிடையாது என்று விளக்கினார். பிறகு சிரிப்பு நின்றது. பூட்டியவற்றைக் கழற்றியபோது கிளாம்ப் பிடித்த இடங்களில் பழைய வர்ணம் உரிந்து இரும்பு தெரிந்தது. மேலே பூசி மறைத்திருக்கலாம். வேரோனிக்கா பூசவில்லை.

கழகத்துக்குக் கொண்டுபோன சைக்கிளைச் செயலாளர் பார்த்ததும், மூலநிலை கெட்டுவிட்டது, வைக்க முடியாது என்றார். ஒலிவ் முன்பே கொடுத்த புகைப்படத்தை மாட்டி, 'நம் கழகம் போற்றும் வீரர்' என்று அட்டை வைத்தால் போதுமாம். மறுத்த கதை அதில் இல்லை. நூற்றாண்டு விழாவில் கசப்பு எதற்கு என்று கேட்டார்.

சைக்கிளை ஏற்றி வந்தவர் வேரோனிக்காவின் கணவர் இராஜரட்ணம், டாக்சி ஓட்டுபவர். ஆங்கிலம் அவருக்குச் சரளம். வேரோனிக்கா அவரையே மொழிபெயர்க்கச் சொன்னார்.

"உந்தக் காயம் நான் விட்ட பிழை. என்ர பெயரைப் போட்டு அட்டையில எழுதச் சொல்லுங்கோ. இவவின்ர அப்பாவைச் சேர்க்காமல் விட்டது அவையின்ர பிழை. அதையும் எழுதச் சொல்லுங்கோ."

இராஜரட்ணம் முதல் பாதியை அப்படியே சொன்னார். இரண்டாம் பாதி தயவுசெய்து யோசிக்கும்படியான ஒரு வேண்டுகோளாக வெளியே வந்தது. வேரோனிக்காவுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும்.

"இஞ்சேருங்கோ, சீனி போடாதேங்கோ. நான் சொன்னதைச் சொல்லுங்கோ."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். செயலாளர் காயத்தைப் பார்த்தார், வேரோனிக்காவைப் பார்த்தார். ஒரு பழுதுபார்ப்பவர் தன் பிழையை ஊரறிய எழுதச் சொல்லும்போது, நூறு வயதுக் கழகம் எதைச் சொல்லித் தப்பும்? ஒலிவ் எழுந்தார். சைக்கிளும் நிற்க வேண்டும், அட்டையில் இரண்டு வாக்கியமும் வர வேண்டும், இல்லையென்றால் சைக்கிளோடு புகைப்படமும் வீட்டுக்கு வரும் என்றார். செயற்குழு கூடியது, முணுமுணுத்தது, இணங்கியது.

கண்காட்சியில் சைக்கிள் மண்டபத்தின் நடுவே நின்றது. எல்வுட் பிரென்டிஸ் வென்ற பந்தயங்கள், கழகம் அவரை மறுத்த ஆண்டு, மறுத்த காரணம், வேரோனிக்கா பூட்டிய கரியர் எல்லாம் அட்டையில் இருந்தன. ஒலிவ் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்கு அதை உரக்க வாசித்துக் காட்டினார்.

"கனடாவில உம்மட பெயர் முதன்முதலா எழுத்தில வந்திருக்கு, பிழைக்காரி எண்டு," என்றார் இராஜரட்ணம்.

"வரட்டும். எனக்குத் துணையா ஒரு கழகமே நிக்குது."