பருந்துக்கு விரித்த கரைவலை

பருந்து நெல் தின்னும் என்று நான் நம்பினேன். சும்மா மனதுக்குள் நம்பிவிட்டு இருந்திருந்தாலும் பரவாயில்லை. அதற்காகத் தகரம் தட்டினேன், இடுப்புச் சாரனை அவிழ்த்து வீசினேன், கடைசியில் வாப்பாவின் பழைய கரைவலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வயலுக்கே போனேன். எல்லோரும் தத்தம் வயலில் குனிந்து நின்ற விதைப்புக் காலம் அது. பைத்தியம் என்று சொல்ல யாருக்கும் நேரம் கிடைக்காததால் மானம் தப்பியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் புது மாப்பிள்ளை. சாய்ந்தமருதுக் கடற்கரையில் வளர்ந்தவன். வாப்பாவுக்குக் கரைவலைத் தொழில். சில நாள் தோணியில் ஏறுவேன். பல நாள் கரையில் நின்று கடலுக்கு மேல் பறவை பார்ப்பேன். பறவைகள் ஓரிடத்தில் கூடிச் சுழன்று, குத்தி எழும்பினால் கீழே மீன் கூட்டம் கிடக்கிறது என்று அர்த்தம். உடனே தோள் சால்வையை வீசிக் கூக்குரல் போட வேண்டும். தோணி வலையோடு அங்கே பாயும். பறவை பார்க்க என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. என்னைச் சேற்றில் குப்புறத் தள்ளியது அந்தப் பெருமைதான்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடிந்ததும் கல்முனையில் மனைவி வீட்டுக்குக் குடிபோனேன். அது வயல்காரக் குடும்பம். மனைவிக்கோ கடல் என்றாலே ஆகாது.

"நீங்க தோணியில ஏறின நாளையில எனக்குச் சோறு எறங்கிறல்ல," என்றாள் ஒருநாள். "வாப்பாக்கிட்ட ஒரு வயல் துண்டு கேட்டிரிக்கன். அவர் கூப்பிட்டாப் போய் ஒழுங்காக் கதைங்க. உங்கட பகிடியெல்லாம் அங்க வேணாம்."

மாமா கூப்பிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மருமகன், நாவிதன்வெளியில ஆத்தோரத் துண்டு இரிக்கி. இந்தப் போகம் விதைப்புக் காவல நீங்க பாருங்க. பயிர் நிண்டா அது உங்கட ரெண்டு பேருக்கும். நிக்கல்ல எண்டா..." கொஞ்சம் இழுத்தார். "உங்கட வாப்பாட தோணி கரையிலதானே கிடக்கு."

மனைவியின் தம்பி, என் மச்சான், வாசல் நிலையில் சாய்ந்து நின்று சிரித்தான். "பயப்பிடாதீங்க வாப்பா. ஒண்டும் ஏலாட்டி மச்சான் நெல்லுக்கு மேல வலய எண்டாலும் போட்டுக் காப்பாரு."

நான் அதைக் கிண்டல் என்று எடுத்திருக்க வேண்டும்.

முளைவிட்ட நெல்லைச் சேற்றில் வீசிவிட்டு மாமாவும் மச்சானும் வரிப்பத்தான்சேனை வயலை விதைக்கப் போய்விட்டார்கள். ஆத்தோரத் துண்டில் நானும் ஒரு பரணும் ஒரு மண்ணெண்ணெய்த் தகரமும். புறாவும் நெல்லுக்குருவியும் வந்தால் தகரத்தில் ஒரு தட்டு, அவை போய்விடும். இவ்வளவுதானா வயல்காரர்களின் பெரிய வேலை என்று பரணில் கால் நீட்டிப் படுத்தேன்.

மழை விட்ட ஒரு காலை. வாடைக்காற்று வடக்கிலிருந்து சீராக வீசிக்கொண்டிருந்தது. வாவிப் பக்கத்து வானத்தில் சில கரும்புள்ளிகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை பெருகின. தூற்றும்போது காற்றில் எழும் பதர் போல ஒரு கூட்டம் சுற்றிச் சுற்றி மேலே ஏறியது. உச்சிக்குப் போனதும் ஒவ்வொன்றாகச் சிறகடிக்காமல் தெற்கே வழுக்கி வந்தன. அது கலையுமுன் பின்னால் இன்னொரு சுழல். எல்லாம் பருந்துகள். எங்கள் கடற்கரையில் மீன் குடல் பொறுக்குகிற செம்பருந்துகள் அல்ல. நான் கண்டிராத சாதி. பெரும்பாலானவை ஒலுவில் திக்கில் போய்விட்டன. ஒரு பங்கு மட்டும் எங்கள் வயல் வட்டையில் இறங்கியது. துஆவுக்கு ஏந்திய கைகள் போல இரண்டு சிறகையும் சற்றே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வரம்புக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில், அப்படியும் இப்படியும் அலைந்தன. ஒன்று சாம்பல் நிறம். மற்றவை மண்ணிறம், வால் தொடங்கும் இடத்தில் வெள்ளை.

அழகு என்று சொல்ல எனக்கு அப்போது நெஞ்சில் இடமில்லை. கடலில் படித்த பாடம் மட்டும் தலைக்குள் மணியடித்தது. பறவை ஓரிடத்தைச் சுற்றினால், அது தேடுகிற சாமான் கீழே இருக்கிறது. என் வயலில் என்ன இருக்கிறது? நெல். முடிந்தது கதை.

"யா அல்லாஹ், எண்ட காணி போச்சு!" என்று பரணிலிருந்து குதித்தேன்.

அன்று முழுக்கத் தகரம் தட்டினேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன். சாரனை அவிழ்த்து வீசினேன். உள்ளே பழைய களிசான் ஒன்று போட்டிருந்ததை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். பருந்துகள் விலகி அடுத்த வட்டைக்குப் போயின. வென்றுவிட்டேன் என்று படுத்தேன்.

மறுநாள் வயலில் இறங்கினால் மூலையெல்லாம் கொறித்த நெல்லின் உமி. அங்கங்கே முளை பிடுங்கிக் கிடந்தது. நெல்லுக்குருவிகள் முன்னைவிடப் பெருங்கூட்டமாக வந்து குந்தியிருந்தன. "பாத்தியா, அவனுகள் வந்து திண்டுட்டுப் போயிரிக்கானுகள்," என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவனுகள் என்றது பருந்துகளை. கண்முன்னே உமி கக்கிக்கொண்டிருந்த குருவிகள் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அப்போதுதான் மச்சானின் கிண்டல் எனக்குப் பெரிய யோசனையாகத் தெரிந்தது. சைக்கிளை மிதித்துக் கடற்கரைக்குப் போனேன். வாப்பா ஒரு வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"வாப்பா, அந்தக் கிழிஞ்ச வலயத் தாங்க."

"என்னத்துக்கு மனே?"

"வயலுக்கு."

வாப்பா ஊசியைக் கீழே வைத்தார். "நெல்லுக்குள்ள என்ன மீனடா புடிக்கப் போறாய்? சூடையா, கீரியா?"

வலையைச் சுருட்டிச் சைக்கிளில் கட்டினேன். ஆற்றோரம் வெட்டிய கம்புகளை வயலெங்கும் நட்டு, இடுப்பளவு உயரத்தில் வலையை விரித்தேன். இனிப் பருந்து வந்தால் மாட்டும். என் திறமையை நானே மெச்சிக்கொண்டு பரணில் ஏறினேன்.

பருந்து வந்தது. மண்ணிறத்தில் ஒன்று, வலை முடிகிற இடத்தில் தொப்பென்று வரம்போரம் விழுந்தது. மாட்டிவிட்டது என்று பாய்ந்தேன். தொய்ந்து தொங்கிய வலை விளிம்பில் மாட்டியது என் வலது கால். அடுத்த கணம் முகம் சேற்றில். புரண்டு எழும்ப, கையும் மாட்டியது. தலையைத் தூக்கினால் கைக்கெட்டும் தூரத்தில் பருந்து மஞ்சள் கண்ணால் என்னையே பார்க்கிறது. கண்ணைக் கொத்தப்போகிறது என்று நினைத்து ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கி வேறெங்கோ கொண்டுபோய் முடித்தேன். இவ்வளவு பெரிய ஆண்பிள்ளை, கரைவலைக்காரனின் மகன், சொந்த வலையில் பாரை மீன் போலத் துடித்துக்கொண்டு கிடந்தேன்.

பருந்து அவசரமில்லாமல் எழும்பியது. அதன் கால் நகங்களில் ஓர் எலி. வால் ஆடிக்கொண்டே போனது.

நான் வாய் மூடுமுன் இன்னோர் எலி என் கெண்டைக்காலில் ஏறி அந்தப் பக்கம் ஓடியது. அதன் பின்னால் இன்னொன்று. கிடந்தபடியே வலைக்குக் கீழே பார்த்தேன். நான் விரித்த வலையின் நிழலில், மேலிருந்து ஒருவரும் தொடாத பாதுகாப்பில், எலிகள் கல்யாண வீட்டுச் சாப்பாடு போல என் நெல்லைத் தின்றுகொண்டிருந்தன.

கடல் படிப்பித்த பாடம் சரிதான். கீழே சாமான் இருந்தது. அது எந்தச் சாமான் என்பதைத்தான் பிழையாகப் படித்திருந்தேன்.

வலையை அறுத்து எடுத்தேன். கம்புகளைப் பிடுங்கத் தெம்பில்லாமல் அப்படியே விட்டேன். வலையையும் தகரத்தையும் பரணுக்கு அடியில் தள்ளினேன். பருந்துகள் திரும்ப வருமா என்பதுதான் இப்போது பயம். எந்தப் பறவையைத் தொண்டை கிழியத் துரத்தினேனோ, அதற்காக விடிய எழும்பி வடக்கே பார்த்துத் துஆக் கேட்டேன்.

வந்தன. வாடையோடு வாடையாக, வாவியைத் தாண்டி, சுழல் சுழலாக வந்தன. அந்தத் தரம்தான் நான் கண் திறந்து பார்த்தேன். எந்த நாட்டிலிருந்து புறப்பட்டனவோ, எத்தனை மலைக்கு மேலால் வந்தனவோ, என் சேற்றுத் துண்டைத் தேடி இறங்குகிற மாதிரி இருந்தது. சாம்பல் நிறத்தான் வரம்பின் ஓரமாகத் தாழ்ந்து வந்தான். நெல்லுக்குருவிக் கூட்டம் சிதறி ஆற்றுக்கு அப்பால் ஓடியது. சின்னஞ்சிறு வல்லூறு ஒன்று நான் நட்ட கம்பின் நுனியில் வந்து குந்தி, இறங்கி, எலிக்குஞ்சோடு ஏறியது. பரணில் எழும்பி நின்று, கரையில் மீன் கூட்டம் கண்டவன் போலச் சால்வையைச் சுழற்றிக் கூக்குரல் போட்டேன். பறவைகள் என்னைக் கணக்கெடுக்கவில்லை. என் சத்தத்துக்கு அதற்குள் பழகியிருந்தன போலும்.

மாமாவும் மச்சானும் திரும்பி வந்தபோது வயல் விளிம்புக்கு விளிம்பு பச்சையாக நின்றது. மூலைகளில் மட்டும் கொஞ்சம் வழுக்கை. மாமா வரம்பில் நடந்து பார்த்தார். கம்புகளையும் அவற்றில் குந்தியிருந்த வல்லூறையும் பார்த்தார்.

"இந்தக் கம்பெல்லாம் நட்டது ஆரு?"

"நான்தான் மாமா. பிராந்து குந்தி எலி புடிக்கட்டுமெண்டு."

என் நாக்கு கூசவே இல்லை.

"மாஷா அல்லாஹ்," என்றார் மாமா. "இதக் கடல்காரனுக்கு ஆரு படிப்பிச்ச?"

"பறவ பாக்கிறதுதானே மாமா எங்கட தொழில்."

மச்சான் பரணடியில் குனிந்து எதையோ இழுத்தான். "அப்ப இந்த வல என்னத்துக்கு மச்சான்?"

"ஊஞ்சல் கட்டித் தூங்க."

"இவ்வளவு சேறு?"

"அறுந்து விழுந்துட்டன்."

அவன் நம்பவில்லை. மாமாவின் காதில் இது விழவில்லை, குனிந்து ஒரு பயிரைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்தப் போகம் ஆத்தோரத் துண்டு நன்றாக விளைந்தது. அறுத்துச் சூடடித்து முடிந்ததும் மாமா அதை என் மனைவியின் பேருக்கு எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு நான் தோணியில் ஏறவில்லை.